மவுஸ் இன்றி ஒரு நிரல்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி



கணிப்பொறி என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது எது? ஒளிரும் திரையும், விசைப்பலகையும், அதனருகே வால் நீண்ட மவுஸும் அல்லவா? அந்த மவுஸ் இல்லாமல் கணிப்பொறியில் வேலை செய்ய முடியுமா என்று சென்ற ஆண்டு எங்களைக் கேட்டிருந்தால் "முடியவே முடியாது" என்றுதான் சொல்லியிருப்போம். இன்று அப்படிச் சொல்ல மாட்டோம். ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பள்ளிக் கணிப்பொறி அறையின் பின்வரிசையில் எட்டுப் பழைய கணிப்பொறிகள் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றிலும் 1 ஜிபி நினைவகம் மட்டுமே உண்டு. ஐந்தில் மவுஸ் வேலை செய்யாது. ஜூலை மாதத்தில் தலைமையாசிரியைச் சகோதரி அவர்கள் அறையைப் பார்வையிட்டபோது, "பயன்படாத பொருள் ஏன் இடத்தை அடைக்க வேண்டும்? அறிவியல் கண்காட்சிவரை பார்ப்போம். அதற்குள் இவற்றால் ஏதாவது பயன் உண்டென்று காட்டினால் இருக்கட்டும். இல்லையேல் பழைய சாமான்காரருக்குக் கொடுத்துவிடலாம்" என்றார்கள்.

எங்கள் கணிப்பொறி மன்றத்தில் அறுவர் இருக்கிறோம். எங்களுள் நால்வர் வீட்டில் கணிப்பொறி கிடையாது. பள்ளி விட்டபின் உட்கார்ந்து பழக எங்களுக்கு இருந்தவை அந்த எட்டு மட்டுமே. ஆகவே கணிப்பொறி டீச்சரிடம் ஓடினோம். "டீச்சர், மவுஸ் இல்லையே, என்ன செய்வது?" என்று கேட்டோம். டீச்சர் சிரித்துவிட்டு, "ஏம்மா, விசைப்பலகை நன்றாகத்தானே இருக்கிறது? மவுஸ் பிறப்பதற்கு முன்பும் உலகத்தில் நிரல் எழுதினார்கள். நீங்கள் 'விம்' கற்றுக்கொள்ளுங்கள்" என்றார். அன்று தொடங்கியது எங்கள் பாடம்.

எடிட்டர் என்பது யாது?

நிரல் என்பது கணிப்பொறிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகளின் வரிசை. அதை எழுதவும் திருத்தவும் பயன்படும் கருவியே எடிட்டர். கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருளுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. கடித மென்பொருள் எழுத்தின் பருமன், நிறம், ஓர இடைவெளி ஆகியவற்றையும் சேர்த்துச் சேமிக்கும். எடிட்டரோ நாம் அடித்த எழுத்துகளை மட்டுமே சேமிக்கும். நிரலுக்கு அதுவே போதும், அதுவே தேவையும்கூட.

இன்று பலர் விரும்பும் பெரிய எடிட்டர்கள் சில, உள்ளே ஓர் இணைய உலாவியையே அடக்கியவை. அழகாக இருக்கும், ஆனால் நினைவகத்தை நிறையக் கேட்கும். எங்கள் பழைய பெட்டிகளில் அவற்றைத் திறந்தால், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாலும் திறந்துகொண்டே இருக்கும். விம் அப்படியன்று. விசையை அழுத்திய மறுகணமே திறந்துவிடுகிறது.

சிறிது வரலாறு

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் என்பவர் 'எட்' என்னும் எடிட்டரை எழுதினார். அக்காலத்தில் பலரிடம் திரை இல்லை. தட்டச்சுப் பொறி போன்ற கருவியில் காகிதத்தில்தான் விடை அச்சாகும். எனவே வரி எண்ணைச் சொல்லி ஒவ்வொரு வரியாகத் திருத்த வேண்டும்.

பின்னர் திரைகள் வந்தன. 1976இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவராக இருந்த பில் ஜாய், முழுத் திரையில் உரையைக் காட்டித் திருத்தும் 'வி-ஐ' என்னும் எடிட்டரை உருவாக்கினார். அவர் வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே வேலை செய்த இணைப்பின் வேகம் 300 பாட். அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 30 எழுத்துகள். ஒரு வரிக்கு 80 எழுத்தாக 24 வரிகள் கொண்ட திரைக்கு 1,920 எழுத்துகள் வேண்டும். நீங்களே வகுத்துப் பாருங்கள், ஒரு திரை நிரம்ப ஒரு நிமிடத்துக்கும் மேலாகும்! அத்தகைய நிலையில் ஒவ்வொரு விசையும் அருமையானது. அதனால்தான் வி-ஐ எடிட்டரின் கட்டளைகள் ஓரெழுத்து, ஈரெழுத்து என்று அவ்வளவு சுருக்கமாக இருக்கின்றன.

அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ என்னும் முனையத்தில் அம்புக்குறிகளுக்கெனத் தனி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு விசைகளின் மேலேயே அம்புகள் பொறிக்கப்பட்டிருந்தன. இன்றும் விம்மில் கர்சரை நகர்த்த அந்த நான்கு எழுத்துகளே பயன்படுகின்றன. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பழைய வீட்டின் திண்ணைபோல அது அப்படியே நிற்கிறது.

நெதர்லாந்து நாட்டவரான பிராம் மூலேனார், அமிகா என்னும் கணிப்பொறிக்காக வி-ஐ போன்ற ஓர் எடிட்டரை 1988இல் எழுதத் தொடங்கி, 1991இல் வெளியிட்டார். அதுவே விம். 'மேம்படுத்தப்பட்ட வி-ஐ' என்பது பெயரின் பொருள். முதன்முறை விம்மைத் திறந்தபோது, உகாண்டா நாட்டின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுமாறு கேட்கும் ஒரு வரியைத் திரையில் கண்டு வியந்தோம். மூலேனார் 1990களில் தெற்கு உகாண்டாவில் கிபாலே என்னும் ஊரிலுள்ள குழந்தைகள் மையத்தில் தண்ணீர், சுகாதாரப் பணிகளுக்காக உழைத்தவர். எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர் அப்பகுதியில் இருந்தனர். "இந்த மென்பொருளுக்கு விலை இல்லை, பயன்படுத்துவோர் விரும்பினால் அப்பிள்ளைகளுக்கு உதவுங்கள்" என்பதே அவருடைய வேண்டுகோள். 2023 ஆகஸ்டு 3ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் எழுதிய கருவி எங்கோ ஒரு பள்ளியின் பின்வரிசையில் எங்களுக்கும் உதவியது.

நிறுவும் முறை

எங்கள் கணிப்பொறிகளில் லினக்ஸ் இயங்குகிறது. டெபியன் வகை லினக்ஸில் பெரும்பாலும் விம்மின் மிகச்சிறிய பதிப்பு ஒன்று முன்பே இருக்கும். நாங்கள் அதைத் திறந்து, எழுதும்போது அம்பு விசையை அழுத்தினோம். கர்சர் நகரவில்லை. திரையில் ஏ, பி, சி, டி என்று எழுத்துகள் விழுந்தன! கணிப்பொறி கெட்டுவிட்டதென்று பயந்தோம். "கெடவில்லை, முழுப் பதிப்பைப் போட வேண்டும்" என்றார் டீச்சர். அவரே கடவுச்சொல்லைத் தந்து, கட்டளைத் திரையில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் விம்' என்று ஆங்கிலத்தில் அடிக்கச் சொன்னார். சில நிமிடங்களில் முழு விம் வந்துவிட்டது.

அடுத்து 'விம்டியூட்டர்' என்று அடிக்க வேண்டும். இது விம்முடனே வரும் பயிற்சிப் பாடம். ஏறக்குறைய அரைமணி நேரத்தில் முடிக்கலாம். படித்தால் மட்டும் போதாது, பாடத்திலுள்ள பிழைகளை அங்கேயே நம் கையால் திருத்த வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதுபோல.

இரண்டு நிலைகள்

விம்மைப் புதிதாகத் திறப்பவர் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 'வணக்கம்' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் அது திரையில் தோன்றாமல் ஏதேதோ நடக்கும். காரணம் என்ன?

தையல் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தையல் இயந்திரத்தின் கைச்சக்கரத்தில் உள்ள திருகைத் தளர்த்திவிட்டு மிதித்தால் ஊசி அசையாது, பாபினில் நூல் சுற்றும். திருகை இறுக்கிவிட்டு மிதித்தால் ஊசி தைக்கும். மிதிப்பது ஒன்றே, இயந்திரம் இருக்கும் நிலைதான் வேறு. விம்மும் அப்படியே. 'இயல்பு நிலை'யில் ஒவ்வொரு விசையும் ஒரு கட்டளை. 'எழுது நிலை'யில் ஒவ்வொரு விசையும் ஓர் எழுத்து.

ஐ என்னும் ஆங்கில எழுத்து விசையை அழுத்தினால் எழுது நிலைக்குச் செல்லலாம். எஸ்கேப் விசையை அழுத்தினால் இயல்பு நிலைக்குத் திரும்பலாம். எந்த நிலையில் இருக்கிறோம் என்று குழப்பம் வந்தால் எஸ்கேப்பை அழுத்துங்கள். அதனால் தீங்கு எதுவும் இல்லை.

சேமிக்க, இயல்பு நிலையில் முக்காற்புள்ளியை அடித்து, பின் டபிள்யூ அடித்து, என்டர் விசையை அழுத்த வேண்டும். வெளியேற முக்காற்புள்ளியும் க்யூவும். சேமித்து வெளியேற டபிள்யூ, க்யூ இரண்டையும் சேர்த்து அடிக்கலாம். செய்த மாற்றம் வேண்டாம் என்றால் க்யூவுக்குப் பின் வியப்புக்குறி. இதை அறியாமல் எங்களுள் ஒருத்தி முதல்நாள் வெளியே வர வழி தெரியாமல் மின்பொத்தானையே அணைத்துவிட்டாள். அவள் யாரென்று இங்கே சொல்ல மாட்டோம்!

கட்டளைக்கும் இலக்கணம் உண்டு

தமிழில் 'பூவைப் பறி' என்கிறோம். பறி என்பது வினை, பூ செயப்படுபொருள். விம் கட்டளைகளும் இவ்வாறே அமைந்தவை. டி என்றால் 'நீக்கு'. டபிள்யூ என்றால் 'ஒரு சொல்'. டி, டபிள்யூ என்று அடுத்தடுத்து அழுத்தினால் 'ஒரு சொல்லை நீக்கு' என்றாகிறது. டாலர் குறி என்றால் 'வரியின் கடைசிவரை'. ஆகவே டியும் டாலர் குறியும் சேர்ந்தால் 'வரியின் கடைசிவரை நீக்கு'. டி, டி என்று இருமுறை அழுத்தினால் முழுவரியும் நீங்கும். முன்னால் 3 சேர்த்தால் மூன்று வரிகள் நீங்கும்.

ஒய் என்றால் 'படியெடு'. ஒய், ஒய் என்றால் ஒரு வரியைப் படியெடுத்தல். பி என்றால் 'ஒட்டு'. யூ என்றால் 'செய்ததைத் திரும்பப் பெறு'. இந்த யூ எங்களை எத்தனை முறை காப்பாற்றியது என்று கணக்கில்லை. சாய்கோட்டை அடித்து ஒரு சொல்லை எழுதி என்டர் தட்டினால் அச்சொல் உள்ள இடத்துக்கே கர்சர் ஓடும். என் விசை அடுத்த இடத்துக்கு அழைத்துச் செல்லும்.

இருபது கட்டளைகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நான்கு வினைகளும் ஐந்து பொருள்களும் தெரிந்தால் அவற்றைச் சேர்த்துச் சேர்த்து நாமே கட்டளைகளை ஆக்கிக்கொள்ளலாம். இதுவே இந்த எடிட்டரின் சிறப்பு.

ஆறு வரி அமைப்பு

நம் விருப்பத்துக்கேற்ப விம்மை அமைக்க, நம் பயனர் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் 'விம்ஆர்சி' என்ற பெயரில் ஒரு கோப்பு எழுத வேண்டும். நாங்கள் எழுதியவை ஆறே வரிகள்.

முதல் வரி 'செட் நம்பர்'. இது ஒவ்வொரு வரிக்கும் எண் இடும். நிரலில் பிழை வந்தால் கணிப்பொறி "17ஆம் வரியில் பிழை" என்றுதான் சொல்லும், எண் இல்லாவிட்டால் விரலால் எண்ண வேண்டியதுதான். இரண்டாம் வரி 'சின்டாக்ஸ் ஆன்'. நிரலின் சொற்களை வகைக்கு ஒரு நிறமாகக் காட்டும். மேற்கோள் குறியை மூட மறந்தால் அடுத்த பகுதியின் நிறம் மாறிப்போய் நம் மறதியைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாம் வரி 'செட் எக்ஸ்பேண்ட்டாப்'. நான்காம் வரி 'செட் டாப்ஸ்டாப்=4'. ஐந்தாம் வரி 'செட் ஷிஃப்ட்விட்த்=4'. ஆறாம் வரி 'செட் ஆட்டோஇன்டென்ட்'. இந்நான்கும் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியைப் பற்றியவை. பைதான் மொழியில் எந்த வரி எந்தக் கட்டளைக்கு உட்பட்டது என்பதை அந்த இடைவெளியே காட்டுகிறது. ஓரிடத்தில் டாப் விசையும் மற்றோரிடத்தில் இடவிசையும் கலந்தால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் பைதான் ஏற்காது. மூன்றாம் வரி, டாப் விசையை அழுத்தினாலும் வெற்றிடங்களையே இடும். ஆறாம் வரி, என்டர் தட்டியதும் முந்தைய வரியின் அளவுக்கே இடம்விட்டுத் தொடங்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அழகாக இருக்கட்டும் என்று சமக்குறிக்குப் பின் ஓர் இடம் விட்டு 4 என்று எழுதினோம். விம் திறக்கும்போதே பிழைச்செய்தி வந்தது. அரைமணி நேரம் தேடிய பிறகே அந்த ஒற்றை இடம்தான் குற்றவாளி என்று கண்டோம்.

வேறு சில தொல்லைகளும் உண்டு. கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். சிறிய ஜே கீழே நகர்த்தும், பெரிய ஜே இரு வரிகளை ஒன்றாக ஒட்டிவிடும். பழக்கதோஷத்தில் கன்ட்ரோலுடன் எஸ் அழுத்தினால் எங்கள் திரை உறைந்துபோனது. கன்ட்ரோலுடன் க்யூ அழுத்த மீண்டும் உயிர் வந்தது. நிரலின் இடையே தமிழில் குறிப்பு எழுதினால், எஸ்கேப் அழுத்தியபின் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையேல் விம்முக்கு நம் கட்டளை புரியாது.

கண்காட்சிக்கு முதல்நாள்

நூலகச் சகோதரி அவர்கள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பெரிய ஏட்டைப் புரட்டி, 14 நாட்களுக்குள் புத்தகத்தைத் திருப்பாதவர் பட்டியலைக் கையால் எழுதுவார்கள். அதையே செய்யும் பைதான் நிரலை எழுத முடிவு செய்தோம். புத்தகத்தின் பெயர், மாணவியின் வகுப்பு, வாங்கிய தேதி ஆகியவற்றை ஒரு கோப்பில் எழுதினோம். நிரல் அதைப் படித்து, இன்றைய தேதியிலிருந்து கழித்து, நாள் கடந்தவற்றை மட்டும் திரையில் காட்டும். விம்மை விட்டு வெளியே வராமலே நிரலை ஓட்டிப் பார்க்கலாம். முதலில் சேமித்து, பின் முக்காற்புள்ளி, வியப்புக்குறி, 'பைதான்3', ஓர் இடம், சதவீதக்குறி என்று அடிக்க வேண்டும். சதவீதக்குறி என்பது 'இப்போது திறந்துள்ள கோப்பு' என்று பொருள்படும்.

கண்காட்சிக்கு முதல்நாள் மாலை. கடைசி நாற்பது வரிகளை வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தோம். "முடியட்டும், மொத்தமாகச் சேமிக்கலாம்" என்று இருந்துவிட்டோம். பட்டென்று மின்சாரம் நின்றது. அறை இருண்டது. எங்களுள் ஒருத்தி அழுதே விட்டாள். நாளைக் காலை எதைக் காட்டுவது? எட்டுப் பெட்டிகளும் பழைய சாமான் கடைக்குத்தான் என்று எண்ணினோம்.

இருபது நிமிடம் கழித்து மின்சாரம் வந்தது. கோப்பைத் திறந்தோம். 'கவனம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லுடன் நீண்ட செய்தி ஒன்று வந்தது. டீச்சர் குனிந்து படித்துவிட்டு, "அழாதேம்மா, ஆர் விசையை அழுத்து" என்றார். அழுத்தினோம். நாங்கள் இழந்ததாக எண்ணிய வரிகள் திரையில் வந்து நின்றன! கடைசி இரண்டு வரிகள் மட்டுமே இல்லை.

இது எவ்வாறு நடந்தது? நாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே விம் 'ஸ்வாப் கோப்பு' என்ற மறைவான கோப்பு ஒன்றில் குறித்துக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு 200 எழுத்துக்கும் ஒருமுறை, அல்லது நாம் 4 வினாடி அடிக்காமல் இருந்தால் ஒருமுறை அது வட்டில் எழுதப்படும். கடைசியாக எழுதப்பட்டதற்குப் பின் அடித்தவை மட்டுமே போயின. மீட்டவுடன் சேமித்துவிட வேண்டும். பின்னர் மறுபடி திறக்கும்போதும் அதே செய்தி வரும். எல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு டி விசையை அழுத்திப் பழைய ஸ்வாப் கோப்பை நீக்கிவிடலாம்.

குறைகளும் உண்டு

விம்மே சிறந்தது, மற்றவை தாழ்ந்தவை என்று சொல்ல மாட்டோம். வெட்டி ஒட்டும் முறையை உருவாக்கியவர்களுள் ஒருவரான லாரி டெஸ்லர், ஒரே விசை நிலைக்கு ஒரு பொருள் தருவதை வாழ்நாள் முழுதும் எதிர்த்தார். புதியவர் குழம்புவர் என்பதே அவர் வாதம். முதல் வாரத்தில் நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் அவர் சொன்னதும் நியாயமே. நிலைகளே இல்லாத 'நானோ' போன்ற எளிய எடிட்டர்களும் லினக்ஸில் உண்டு. எப்போதாவது ஒரு வரி திருத்துபவருக்கு அதுவே போதும். நாள்தோறும் எழுதப் போகிறவர்கள் இரண்டு வாரம் பொறுத்துக்கொண்டால், பிறகு விரல்கள் தாமாகவே வழி அறியும்.

முடிவுரை

கண்காட்சி நாளன்று நூலகச் சகோதரி அவர்களே எங்கள் மேசைக்கு வந்து, நாள் கடந்த பதினொரு புத்தகங்களின் பட்டியலைத் திரையில் பார்த்தார்கள். அதில் எங்கள் மன்றத்துத் தோழி ஒருத்தியின் பெயரும் இருந்தது! தலைமையாசிரியைச் சகோதரி அவர்கள் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, "மவுஸ் எங்கே பிள்ளைகளா?" என்று கேட்டார்கள். "தேவைப்படவில்லை சிஸ்டர்" என்றோம்.

எட்டில் இரண்டு பெட்டிகள் அடியோடு பழுதாகிவிட்டதால் அவை போய்விட்டன. மீதி ஆறும் பின்வரிசையிலேயே இருக்கின்றன. அடுத்த ஆண்டு நாங்கள் பதினோராம் வகுப்புக்குச் சென்றுவிடுவோம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புத் தங்கையரே, அந்த ஆறும் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. பள்ளி விட்டதும் வாருங்கள். விம்டியூட்டரைத் திறந்து தருகிறோம். அடிக்கடி சேமிக்க மட்டும் மறவாதீர்கள்!